தோள் மேல் ஒரு கை

செத்துப்போனவரின் தோள் மேல் கை வைத்திருந்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் எங்களுக்கு வந்த வேலை. கேட்டதும் எனக்கு முதுகு சில்லிட்டது. வக்கீல் சாருக்குக் கொட்டாவி வந்தது.

வக்கீல் சார் கோர்ட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். தொழில் மாறியும் பெயர் மட்டும் அவரை விடவில்லை. நான் அவருடைய உதவியாளர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேசிப் பேசியே பாதி ஆயுளை ஓட்டியவள் என்பதால் என்னை 'ரேடியோ' என்று கூப்பிடுவார். நான் கோபித்துக்கொள்வதில்லை. வீட்டுக்குப் போனால் எந்தப் பெயரையும் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். மேஜை மேல் அவர் வைத்த படத்தில் கருப்புக் கோட்டு போட்ட ஒரு முதியவர், கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது தோள் மேல் ஒரு கை. மெலிந்த, இளமையான இடது கை. மணிக்கட்டில் வாட்ச். முழங்கைக்கு அப்பால் வெறும் இருட்டு.

"இவன் என் தம்பி. போட்டோக்காரன். போன வாரம் ரூம்ல செத்துக் கிடந்தான். ஹார்ட்டுன்னு சொல்லி போலீஸ் பைலை மூடிட்டாங்க. தனியாத்தான் இருந்தார்ங்கறாங்க. ஆனா போலீஸ் கொடுத்த இந்தப் படம் கிளிப்புல தொங்கிட்டு இருந்துச்சாம், ஈரம்கூடக் காயலயாம். அப்ப அன்னைக்குப் பக்கத்துல யாரோ இருந்திருக்காங்கதானே?"

"இருந்தவங்க ஏன் ஆளைக் கூப்பிடாம போனாங்கன்னு கேக்கறீங்களா?" என்றார் வக்கீல் சார்.

"இல்ல சார். அவங்க கொன்னவங்களாவே இருந்தாலும் எனக்குப் பரவாயில்ல. யாரோ இருந்தாங்கன்னு தெரிஞ்சா போதும்."

கொலைகாரன் இருந்தால் தேவலை என்று சொன்ன கட்சிக்காரரை நான் அன்றுதான் பார்த்தேன். வாயைத் திறக்கப் போனவளை வக்கீல் சார் பார்வையாலேயே அடக்கினார்.

"எங்கம்மா சாகும்போது இவன் லேட்டா வந்தான்," என்றார் நர்ஸம்மா. "ஆத்திரத்துல நான் ஒரு வார்த்தை விட்டேன். 'உனக்கும் கடைசியில பக்கத்துல ஆள் இருக்காதுடா'ன்னு. அதோட பேச்சு நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில முன்ன பின்ன தெரியாதவங்க எத்தனையோ பேருக்குக் கடைசி மூச்சு வரைக்கும் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். கூடப் பிறந்தவனுக்கு இதைச் சொன்னேன். அது பலிச்சிருக்கக் கூடாது சார்."

ஒரு காகிதத்தில் தம்பியின் முகவரியை இடது கையால் எழுதிக் கொடுத்தார். வலது கையைத் திருப்பி மணி பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அழுவார் என்று நான் எடுத்து வைத்திருந்த தண்ணீரை நானே குடித்தேன்.

அச்சகங்களும் பழைய இரும்புக் கடைகளும் நெருக்கியடித்த தெருவில், மூன்றாவது மாடியில் இருந்தது போட்டோக்காரரின் அறை. படிக்கட்டு ஒரே இருட்டு. பாதி வழியில் இருந்த சன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக ஏதோ எண்ணெய்க் காகிதத்தை ஒட்டி வைத்திருந்தார்கள்.

"கண்ணாடி வாங்கக்கூட மனசு வராத வீட்டுக்காரர் போல," என்றேன்.

"ரேடியோ, வால்யூமைக் குறைங்க. பின்னாடியே வர்றார்."

வந்தார். சாவியை எங்கள் கையில் கொடுக்காமல் தானே திறந்தார். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்காக ஒரு நல்ல நாற்காலி. அதன் மேல் துணி போர்த்தியிருந்தது. துணி மேல் தூசி. கம்பியில் வரிசையாகக் கிளிப்புகள் காலியாகத் தொங்கின. என் வீட்டிலும் ஒரே டம்ளர்தான். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கிண்டல் வரவில்லை.

"யார் வருவாங்க, போவாங்க?" என்றார் வக்கீல் சார்.

"ஒரு ஈ காக்கா வராது. போன் வச்சிருந்தார், அது அடிச்சு நான் கேட்டதில்ல. அடிச்சாலும் அவருக்குக் கேக்கவா போகுது? வலது காது சுத்தமா அவுட். இடது பக்கம் போய் நின்னு கத்தணும்."

வக்கீல் சார் படத்தை எடுத்துப் பார்த்தார். கை இருந்தது வலது தோளில். வீட்டுக்காரர் கீழே போனதும் மெல்லச் சொன்னார்:

"காது கேக்காத பக்கமா வந்து நின்னிருக்காங்க. ஒண்ணு, அவரைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆள். இல்லன்னா, வர்ற சத்தம் கேக்கக் கூடாதுன்னு நினைச்ச ஆள்."

"இளசான கை வேற. அந்த வயசுல அவருக்கு ஒரு சிநேகிதி இருந்திருந்தா எனக்குச் சந்தோஷம்தான் சார்."

"எனக்குச் சந்தேகம்தான். இந்த வெயில்ல எதுக்கு இவருக்குக் கருப்புக் கோட்டு?"

"உங்களைப் பார்த்துப் போட்டிருப்பார். கருப்புக் கோட்டு போட்டா கேஸ் வந்து கொட்டும்னு யாராவது ஏமாத்தியிருப்பாங்க."

கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் ஒன்றும் இல்லை. ஆனால் துணியில் ஒரு வாசனை. நான் முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்: "தையல் மிஷின் எண்ணெய் சார். கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

அந்த எண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினோம். கட்டிடத்தின் தரைத்தளத்தில் தையல் மிஷின் ரிப்பேர் கடை. மிஷின்காரர் ஒரு பழைய மிஷினின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தார். போட்டோக்காரர் பேரைச் சொன்னதும் கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"கோட்டு என்னோடதுதாங்க. யாரோ ரிப்பேருக்கு வந்த மிஷினோட விட்டுட்டுப் போனது. 'கருப்பா ஏதாவது இருக்கா'ன்னு கேட்டார், கொடுத்தேன். அன்னைக்கு மத்தியானம் திரும்ப வந்து எண்ணெய் கேட்டார்."

"போட்டோக்காரருக்கு மிஷின் எண்ணெய் எதுக்கு?"

"அவர் கேமராவுல பிலிம் கிடையாதுங்க. பேப்பர்லயே எடுப்பார். அதுல வெள்ளை கருப்பா விழும், கருப்பு வெள்ளையா விழும். அந்தப் பேப்பரை இன்னொரு பேப்பர் மேல வச்சு வெயில்ல காட்டினா நிஜப் படம் வரும். ஆனா பேப்பர் வழியா வெளிச்சம் போகணுமில்ல? அதுக்குத் தேன்மெழுகை உருக்கித் தடவி, மேல இஸ்திரிப் பெட்டியை வச்சுத் தேய்ப்பார். பேப்பர் கண்ணாடி மாதிரி ஆயிடும்."

"எண்ணெய்ப் பலகாரம் சுத்தின பேப்பர் மாதிரி," என்றேன்.

"அதேதான்! அன்னைக்கு மெழுகு தீர்ந்து போச்சு. கடைக்குப் போய் வாங்கிட்டு வாங்களேன்னேன். 'அதுக்குள்ள வெயில் போயிடும்'னார். எண்ணெய் தடவினா அவருக்கே பிடிக்காது. சரியா ஊறாது, பேப்பரோட நாரெல்லாம் படத்துல பொடிப்பொடியா விழும்னு திட்டிக்கிட்டே வாங்கிட்டுப் போனார்."

வக்கீல் சார் படத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். முகத்திலும் திரையிலும் மணல் தூவியது போலப் பொடிப்புள்ளிகள். நான் அதைப் பேப்பரின் பழசு என்று நினைத்திருந்தேன். தோள் மேல் இருந்த கையில் மட்டும் ஒரு புள்ளி இல்லை. வழவழ என்று இருந்தது.

மிஷின்காரரும் எட்டிப் பார்த்தார். "இது என்னங்க, கோட்டுல தோளுக்குக் கீழ நேரா ஒரு கோடு?"

"தையல்," என்றேன்.

"இந்த இடத்துல எந்தத் தையல்காரனும் தையல் போட மாட்டான்மா." அவர் யோசித்தார். "பாவம், கண்ணும் மங்கிப் போச்சு அவருக்கு. எண்ணெய் வாங்க வந்தப்ப ஒரு துண்டுப் பேப்பரை நீட்டி, 'இதுல எது முன்பக்கம், பாரு'ன்னார். மெழுகு ஊறின பேப்பர்ல ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் இருக்கு. எனக்கு என்ன தெரியும்? ஒரு பக்கத்தைக் கை காட்டினேன். நல்லா இருன்னுட்டுப் போனார்."

வக்கீல் சார் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்து, எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர் அதை எடுத்தால் நான் டீ சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் எங்களை எழுப்பிவிடுவார்.

"ரேடியோ, உங்க இடது கை வாட்ச்சைப் பாருங்க. சாவி கொடுக்கற திருகு எந்தப் பக்கம் இருக்கு?"

"விரல் பக்கம்."

"படத்துல?"

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். திருகு முழங்கைப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. "தலைகீழாக் கட்டியிருப்பா."

"அப்படிக் கட்டியிருந்தா ஆறு மணிகிட்ட இருக்கற சின்ன விநாடி வட்டம் சுண்டுவிரல் பக்கம் போயிருக்கும். இங்க அது கட்டைவிரல் பக்கம், இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. திருகு மட்டும் மாறியிருக்கு. கண்ணாடியில பார்க்கற வாட்ச் மாதிரி."

"அப்ப இது இடது கையே இல்லையா?"

"இல்ல. வலது கை. திரும்பி விழுந்திருக்கு."

"படமே திரும்பிடுச்சுன்னு சொல்லுங்க."

"கோட்டைப் பாருங்க. மேல் பை இடது மார்புலதான் இருக்கு. கோட்டு நேரா இருக்கு, கை மட்டும் திரும்பியிருக்கு. ஒரே பேப்பர்ல இது நடக்குமா?"

நான் டீயைக் கீழே வைத்தேன். கோட்டில் இருந்த அந்தக் கோடு தையல் இல்லை. வெட்டிய பேப்பரின் விளிம்பு. ஒரு பேப்பருக்கு எண்ணெய், இன்னொன்றுக்கு மெழுகு. எண்ணெய்ப் பேப்பரில் பொடிப்புள்ளி, மெழுகுத் துண்டில் வழவழப்பு.

"கருப்புக் கோட்டு எதுக்குன்னு இப்பப் புரியுதா?" என்றார் வக்கீல் சார். "கருப்பு, நெகட்டிவ்ல வெறும் வெள்ளைக் காகிதமா நிக்கும். வெளிச்சம் தாராளமாப் போற இடம். அது மேல எப்பவோ எடுத்த ஒரு கையை வச்சா, கை மட்டும் அழகா விழும். ரெண்டு பேப்பரும் கண்ணாடி மாதிரி ஆனாத்தான் இது நடக்கும். வெயில் போறதுக்குள்ள அவர் அவசரப்பட்டது இதுக்குத்தான்."

"அப்ப அன்னைக்கு யாருமே வரல."

"வரல."

நான் அந்த அறையை நினைத்துக்கொண்டேன். கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, திரையைத் தானே கட்டி, கேமராவைத் தானே முடுக்கிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்து, பிறகு தன் தோள் மேல் தானே ஒரு கையை வைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். எனக்கு அழுகை வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நன்றாகவே அழுதேன். வக்கீல் சார் கைக்குட்டையை நீட்டினார். அதிலும் பூதக்கண்ணாடி துடைத்த அழுக்கு.

"அழுது முடிச்சீங்கன்னா, அந்த ரெண்டு பேப்பரும் எங்க போச்சுன்னு யோசிங்க. போலீஸ் எடுக்கல. ரூம்ல இல்ல."

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினேன். எண்ணெய்க் காகிதம்!

"சார், அந்தச் சன்னல்!"

படிக்கட்டில் நான் முன்னால் ஓடினேன். மூட்டுவலி எல்லாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மத்தியானம் நாங்கள் ஏறும்போது சன்னலுக்கு வெளியே நிழல். இப்போது சாயங்கால வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. உடைந்த கண்ணாடி இருந்த இடத்தில், கரிய முகமும் வெள்ளைக் கோட்டுமாக ஒரு மனிதர் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய தோள் மேல் கரிய கை ஒன்று. கிண்டல் பண்ணிவிட்டு அவரைத் தாண்டித்தான் நாங்கள் மேலே போயிருந்தோம்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். "அவர் ரூம்ல ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள்ள ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சுங்க. குப்பைன்னு நினைச்சேன். வெளிச்சம் வருது, மழை வராது. எதுக்கு வீணாக்கணும்னு..."

"நல்லவேளை நீங்க கஞ்சன்," என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வக்கீல் சார் நகத்தால் மெல்ல நெம்பினார். பெரிய காகிதத்தின் மேல் ஒட்டியிருந்த துண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. பெரியது மஞ்சள் பாரித்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. துண்டு பால் போலத் தெளிவாக, தேன் வாசனையோடு இருந்தது. கூர்மையான கத்தரியால் வெட்டியது. பழைய படம் ஒன்றிலிருந்து அந்தக் கையையும், அது தொட்டுக்கொண்டிருந்த தோளையும் மட்டும் எடுத்திருந்தார்.

"வலது கையில வாட்ச் கட்டறவங்க யாரு ரேடியோ?"

"இடது கைப் பழக்கம் உள்ளவங்க." சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. இடது கையால் முகவரி எழுதி, வலது கையைத் திருப்பி மணி பார்த்தவர் காலையில் எங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"சார், அவங்ககிட்ட சொல்லாதீங்க," என்றேன். "யாரோ ஒரு பொண்ணு வந்து படம் எடுத்துட்டுப் போச்சுன்னு சொல்லிடலாம். சாகுற வரைக்கும் நிம்மதியா இருப்பாங்க. பொய் சொல்றதுக்கு நான் இருக்கேன். நீங்க சும்மா தலையாட்டினா போதும்."

"அவங்க கேட்டது, யாரோட கைன்னு."

"அவங்க கேட்டது யாராவது இருந்தாங்களான்னு!"

அவர் என் கையில் போனைக் கொடுத்தார். போன் போடுவதுதான் என் பழைய தொழில், ஆனால் அந்த நம்பரை அழுத்த விரல் வரவில்லை. அவரே வாங்கிப் பேசினார்.

வெயில் இறங்குவதற்குள் நர்ஸம்மா வந்துவிட்டார். தம்பி குடியிருந்த கட்டிடத்தில் அவர் கால் வைத்ததே அதுதான் முதல் தடவையாம். ஒவ்வொரு படியாக ஏறி வந்து, சன்னலில் இருந்த உருவத்தைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வக்கீல் சார் சுற்றி வளைக்கவில்லை. எண்ணெய், மெழுகு, கோட்டு, திருகு எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் துண்டுக் காகிதத்தை நர்ஸம்மாவின் கையில் வைத்தார். அவர் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"இந்த வாட்ச் அவன் முதல் சம்பளத்துல எனக்கு வாங்கித் தந்தது," என்றார். "சண்டை போட்ட அன்னைக்குக் கழட்டி அவன் மூஞ்சியில எறிஞ்சேன்." தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். நரம்பு புடைத்த, சுருக்கம் விழுந்த கை. "இது என் கை."

"ஆமாம்மா."

"அப்ப யாரும் வரல."

"வரலம்மா."

நான் வக்கீல் சாரின் கைக்குட்டையை நீட்டினேன். நர்ஸம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அழுதுகொண்டே துண்டைப் பெரிய காகிதத்தின் மேல், அது ஒட்டியிருந்த தடத்திலேயே வைத்துப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"பக்கம் தப்பு சார். நான் அந்தப் பக்கம் நிக்கவே மாட்டேன். சின்ன வயசுல காய்ச்சல் வந்து அவனுக்கு அந்தக் காது போச்சு. ரோட்டுல நடந்தாலும், படத்துக்கு நின்னாலும், நான் எப்பவும் இடது பக்கம்தான். அங்க நின்னாத்தான் நான் சொல்றது அவனுக்குக் கேக்கும்."

"அவர் சரியாத்தான் வைக்க நினைச்சிருப்பார்," என்றார் வக்கீல் சார். "எது முன்பக்கம்னு கண்ணுக்குத் தெரியல. ஆளைக் கேட்டார். அந்த ஆளுக்கும் தெரியல."

நர்ஸம்மா துண்டைத் திருப்பினார். கை இப்போது வலது கையாக, இடது தோளுக்கு வந்தது. வெட்டிய துண்டில் இருந்த பழைய தோளும் அடியில் இருந்த கிழத்தோளும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரியாகப் பொருந்தின. விரலால் அழுத்திப் பிடித்தார். எண்ணெய்ப் பிசுக்கில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

"இதே மாதிரி வச்சு எனக்கு ஒரு படம் போட்டுத் தர முடியுமா?"

"ஆளைத் தேடிப் பிடிச்சுப் போட்டுத் தர்றோம்மா," என்றார் வக்கீல் சார்.

வெயில் சன்னலை விட்டு இறங்கத் தொடங்கியது. நர்ஸம்மா இன்னும் ஒரு படி ஏறி, சன்னலுக்கு மிக அருகில் போனார். அந்தக் கரிய முகத்தின் இடது பக்கம் வாயை வைத்து, செவிடரிடம் பேசுகிறவர்கள் பேசுவது போல உரக்க, கட்டிடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"டேய் தம்பி, அக்கா வந்துட்டேன்டா!"

கீழே மிஷின் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வால்யூமைக் குறைக்கச் சொல்ல வக்கீல் சாருக்கு அப்போது அவசியமே வரவில்லை. நான் வாயே திறக்கவில்லை.